நாலாவது மாடி சுகந்தி

நவம்பர் 3

இன்று சந்திரகாந்தம் ஃப்ளாட்ஸுக்குக் குடிவந்தேன். ஒரு பெட்டி, ஒரு துணிப்பை, ஒரு பிளாஸ்டிக் வாளி. ஆட்டோக்காரர் வாசலில் இறக்கிவிட்டு, "இதுல இன்னும் ஆளுங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

புரசைவாக்கத்து நெரிசலுக்குள் இப்படி ஒரு கட்டடம் ஒளிந்திருப்பது தெருவில் போகிறவர்களுக்கே தெரியாது. ஐந்து மாடி. முன்சுவர் வெடிப்பில் ஒரு அரசங்கன்று வேர் பிடித்து மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. படிக்கட்டில் பகலிலும் இருட்டு. மடக்குக் கம்பிக்கதவு வைத்த பழைய காலத்து லிஃப்ட் ஒன்று இருக்கிறது, ஆனால் கதவைச் சங்கிலி சுற்றிப் பூட்டியிருக்கிறார்கள். "ரிப்பேர்மா" என்றார் செக்ரட்டரி பத்மநாபன். பெட்டியை நானே நாலாவது மாடிக்குத் தூக்கி வந்தேன்.

கேஸ் ஏஜென்சியில் போன் எடுக்கிற வேலை எனக்கு. பத்மநாபன் சிலிண்டருக்காகப் பேசும்போதெல்லாம், "உங்க குரல் எங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க குரல் மாதிரியே இருக்கும்மா" என்பார். போன வாரம் நேரிலேயே வந்துவிட்டார். நாலாவது மாடியில், இப்போது என் எதிர் வீட்டில், சௌந்தரவல்லி என்று ஓர் அம்மா இருப்பதாகச் சொன்னார். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பார்வை போய்விட்டது. கல்யாணமாகாத ஒரே மகள் சுகந்தி மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனவள், போன்கூடப் பண்ணுவதில்லை. அம்மாவுக்கு ஞாபகம் குழம்பி, மகள் எங்கே என்று கேட்டுச் சாப்பிடாமல் கிடக்கிறார்.

"காலையும் சாயங்காலமும் பக்கத்துல உக்காந்து, நான்தான் சுகந்தி, வந்துட்டேன்னு சொன்னாப் போதும்மா. ஒரு உசுரைக் காப்பாத்துன மாதிரி. எதிர்ல ஒரு ஃப்ளாட் சும்மாதான் கெடக்கு, நீங்க இருந்துக்கலாம்."

பொய் சொல்ல வேண்டுமே என்று இருந்தது. ஆனால் ஹாஸ்டலில் மூட்டைப்பூச்சி தாங்க முடியவில்லை. அதனால்தான் வந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஆதார் அட்டை கூடக் கேட்கவில்லை. வாசலில் வாட்ச்மேன் இருக்கிறார். கேட்டை எப்போதும் உள்பக்கம் பூட்டித்தான் வைக்கிறார்கள். நல்ல இடம்.

நவம்பர் 4

காலையில் பத்மநாபன் என்னை எதிர் வீட்டுக்கு அழைத்துப் போனார். இரண்டாவது மாடி டாக்டர் தணிகாசலமும் வந்திருந்தார். சௌந்தரவல்லி அம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒடிசலான உடம்பு. தலையை இழுத்து வாரி முடிந்திருந்தார். நோயாளி மாதிரியே இல்லை.

"அம்மா, யாரு வந்திருக்கான்னு பாருங்க" என்றார் பத்மநாபன்.

சொல்லிக்கொடுத்தபடி, "அம்மா, நான்தான் சுகந்தி" என்றேன்.

அவர் கையை நீட்டினார். கொடுத்தேன். நாடி பார்ப்பதுபோல் என் மணிக்கட்டை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வியர்த்துவிட்டது.

"வந்துட்டியா" என்றார் கடைசியில். "மெலிஞ்சு போயிட்டியே."

பிறகு இட்லி கொண்டுவரச் சொல்லிச் சாப்பிட்டார். டாக்டர் மாத்திரை கொடுத்தார். பத்மநாபன் வெளியே வந்ததும் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தார். இவ்வளவு நல்ல மனிதர்களைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

நவம்பர் 7

மழை. துணி காயவில்லை. பால் வாங்கப் போனபோது வாட்ச்மேன், "குட்மார்னிங் சுகந்தி மேடம்" என்றார். வேலைக்குப் புதிதாக வந்தவர். அவரிடம் யார் அப்படிச் சொல்லி வைத்தார்கள் என்று தெரியவில்லை.

நவம்பர் 10

டாக்டரின் மனைவி லோசனி வந்தார். ஐம்பதை நெருங்குகிறவர். நின்றபடியே ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டையை நீட்டினார்.

"வெச்சிக்கோங்க. செக்ரட்டரி சார் சொன்னார்."

"அம்மாவுக்குத்தான் கண்ணு தெரியாதே" என்றேன்.

"பார்க்கிறவங்களுக்கு."

யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிரம்பிவிட்டது. "அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று படியிறங்கிப் போய்விட்டார்.

நான் ஏதாவது தவறாகப் பேசிவிட்டேனா? ஒன்றும் புரியவில்லை. பொட்டு வைத்துக்கொண்டேன். கண்ணாடியில் வேறு யாரோ மாதிரி இருந்தது, ஆனால் மோசமாக இல்லை.

நவம்பர் 15

தோள்பட்டை மழைக்குக் குடைகிறது. பழைய அடி.

மாடிப்படி ஏறி இறங்க முடியாமல், லிஃப்ட் எப்போது சரியாகும் என்று பத்மநாபனிடம் கேட்டேன். "தை மாசம் பில்டர்கிட்ட ஒப்படைச்சிடுவோம்மா. எப்படியும் இடிக்கப்போற கட்டடம், எதுக்கு அதுக்குச் செலவு?" என்றார். எப்போதிலிருந்து ஓடவில்லை என்று கேட்டதற்கு, அது ரெண்டு வருஷம் இருக்கும் என்றார். சாயங்காலம் டாக்டரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "இந்தச் சித்திரைலேர்ந்துதான்" என்றார், பிறகு இருமிக்கொண்டே, "இல்ல, அதுக்கும் முன்னாடி" என்றார்.

நாலாவது மாடி லிஃப்ட் வாசலில் மட்டும் சங்கிலி இரண்டு சுற்று. அதற்குக் குறுக்கே ஒரு பழைய பீரோவைச் சாத்தி வைத்திருக்கிறார்கள். ஓடாத லிஃப்டுக்கு இத்தனை காவல் எதற்கு? குழந்தைகள் விளையாடும் என்று வைத்திருப்பார்கள். இங்கே குழந்தைகள் யாரும் இல்லை.

நவம்பர் 19

அம்மாவுக்கு (இப்படி எழுதவே பழகிவிட்டது) இன்று நல்ல பேச்சு. தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டேன்.

"மஸ்கட்ல சோறு என்ன விலைடீ?"

"நம்மூர் மாதிரிதான்மா."

"வெயிலு?"

"ரொம்ப அதிகம்னு சொல்லுதாங்க." நாக்கைக் கடித்துக்கொண்டேன். அங்கே இருந்து வந்தவள் எப்படி 'சொல்லுதாங்க' என்பாள்?

அம்மா ஒன்றும் கவனித்ததாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு ஒரே கனா வந்துக்கிட்டே இருக்கு சுகந்தி" என்றார். "நீ வெளிய கெளம்புற. 'வரேம்மா'ங்கிற. கம்பிக்கதவு கரகரன்னு திறக்குது. அப்புறம் நீ கத்துற. நான் சுவத்தைப் புடிச்சுக்கிட்டு ஓடியாரேன். அவ்வளவுதான், முழிப்பு வந்துருது."

"கனவுதானே அம்மா" என்றேன்.

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க."

எண்ணெய்க் கிண்ணம் கைதவறி விழுந்துவிட்டது. தரையைச் சோப்புப் போட்டுத் துடைத்தும் வழுக்கல் போகவில்லை.

நவம்பர் 22

நேற்று தலைவலி. டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். பகல் முழுக்கத் தூங்கிவிட்டேன். எழுந்தபோது எந்த ஊரில் இருக்கிறேன் என்றே பிடிபடவில்லை. தூத்துக்குடி வீட்டுச் சமையலறையில் இருப்பதாக நினைத்துக் கதவைத் தாழ்போடத் தடவினேன்.

இன்று பத்மநாபன் வீட்டில் டீக்கு அழைத்தார்கள். மூன்றாவது மாடி. பில்டரின் ஆள் ஒருவர் வந்திருந்தார். முதல் மாடிக்காரர்களும் ஐந்தாவது மாடித் தம்பதியும் இருந்தார்கள். பத்மநாபன் என் பக்கம் கையைக் காட்டி, "இவங்கதான் மிஸ் சுகந்தி. நாலாவது மாடி வீடு அம்மா பேர்லயும் இவங்க பேர்லயும்தான் இருக்கு. மஸ்கட்லேர்ந்து வந்திருக்காங்க" என்றார்.

அங்கிருந்தவர்கள் எல்லாரும் டீக் கோப்பையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். நான் வணக்கம் சொன்னேன்.

ஏன் மறுக்கவில்லை? அத்தனை பேர் நடுவில் அவர் முகத்தை எப்படி முறிப்பது? அவ்வளவுதான். இன்னொன்று, சுகந்தி என்று கூப்பிடும்போது யாரும் என்னைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது என்று தோன்றுகிறது. எதற்கு இதை எழுதினேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 27

குளியலறை ஜன்னலைத் திறந்தால் வெளிச்சம் வராத ஒரு கிணறு மாதிரியான இடைவெளி. எல்லா வீட்டுக் குழாய்களும் அதில்தான் இறங்குகின்றன. கீழ்வீடுகளில் பேசுவது சில நேரம் இங்கே கேட்கும். மத்தியானம் துணி அலசிக்கொண்டிருந்தேன்.

"அந்தம்மாவைத் திருவள்ளூர் பக்கம் ஒரு ஹோம்ல சேர்த்துடலாம். கையெழுத்து முடியட்டும். அதுவரைக்கும் மாத்திரையைக் கூட்டிக் குடுங்க."

"இந்தப் பொண்ணு?"

"அதுக்குப் போக்கிடம் கிடையாது. சொன்னபடி கேக்கும்."

பிறகு ஒரு பெண் குரல், அழுகையோடு: "போதும் நிறுத்துங்க. நான் அவளைக் குளிப்பாட்டுனவ. எனக்குத் தூக்கமே இல்ல."

குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர்ச் சத்தத்தில் மேற்கொண்டு கேட்கவில்லை.

நவம்பர் 28

டிவி சீரியலாகத்தான் இருக்கும். இரண்டாவது மாடியில் எப்போதும் டிவி ஓடுகிறது.

மாவு புளித்துவிட்டது. எறும்புப் பொடி வாங்க வேண்டும்.

டிசம்பர் 2

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

காலையில் அம்மாவுக்கு மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டார். வாஷ்பேசினுக்கு அழைத்துப் போகச் சொன்னார். அங்கே போய் மாத்திரையைத் துப்பிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டார். நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்பது அவருக்குத் தெரியும்.

"கதவைச் சாத்து" என்றார். சாத்தினேன். "உன் பேரு என்ன?"

"சுகந்தி..."

"எம் மக பேரு எனக்குத் தெரியும். உன் பேரைக் கேட்டேன்."

"ஜெசிந்தா."

"எந்த ஊரு?"

"தூத்துக்குடி."

"அதான். பேச்சுல கடல்காத்து அடிக்குது. நாங்க மதுரைக்காரங்க. எம் மக 'சொல்லுதாங்க'ன்னு சொல்ல மாட்டா." அவர் கோபமாக இல்லை. நர்ஸ் நோயாளியிடம் பேசுவதுபோல நிதானமாகப் பேசினார். "உன் கையைத் தொட்டதுமே தெரிஞ்சிருச்சு. பெத்தவளுக்குக் கண்ணு வேணுமா?"

"முதல் நாளே தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

அவர் கட்டிலில் உட்கார்ந்து என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"அது கனா இல்ல ஜெசிந்தா. சித்திரை மாசம், காலையில. அவளுக்கு விசா வந்திருந்தது நெசம். ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஏதோ துணி எடுக்கணும்னு கெளம்புனா. கதவு திறந்த சத்தம் கேட்டுச்சு. விழுந்த சத்தமும் கேட்டுச்சு. ஓடியாந்தேன். பத்மநாபன்தான் என்னைப் புடிச்சு நிறுத்துனான், இல்லைன்னா நானும் அந்தக் குழிக்குள்ள போயிருப்பேன். டாக்டர் ஊசி போட்டான். முழிச்சுப் பார்த்தா, சுகந்தி ஏரோப்ளேன் ஏறிட்டா, நீங்கதானே திருநீறு பூசி அனுப்புனீங்கங்கிறாங்க. ஒருத்தர் ரெண்டு பேரு இல்ல, வர்றவங்க போறவங்க அத்தனை பேரும். மாத்திரையைப் போட்டுப் போட்டு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. கண்ணும் இல்ல, புத்தியும் போயிருச்சுன்னு நெனச்சு மருகிக்கிட்டுக் கெடந்தேன்."

என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ வந்த அன்னிக்குத்தான் எனக்குப் புத்தி தெளிஞ்சுது. எம் மக உசுரோட இருந்தா, இன்னொருத்தியை எதுக்குக் கூட்டிட்டு வரணும்?"

இந்த வீட்டில் நான் செய்துகொண்டிருந்தது என்ன என்று அப்போதுதான் உறைத்தது. அன்பு என்று நினைத்துக்கொண்டுதான் செய்தேன். அப்படித்தான் நினைத்தேனா?

"நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போ. எனக்கு முட்டி வலி, படி எறங்க ஒரு கை வேணும். இங்க வேற யாரையும் நான் நம்பலை. உன்னையும் நம்புறேனான்னு தெரியலை. ஆனா நீ எண்ணெய் தேய்ச்ச கை கள்ளத்தனமா இல்ல."

நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

டிசம்பர் 3

வேலைக்குப் போனேன். நிறையப் புக்கிங். அம்மாவைப் பார்க்கப் போகவில்லை. நேரமில்லை.

டிசம்பர் 5

ஸ்டேஷனுக்குப் போனால் என் பெயரைக் கேட்பார்கள். கணவர் பெயர், சொந்த ஊர், எதற்காகச் சென்னைக்கு வந்தாய் எல்லாம் கேட்பார்கள். ரெஜிஸுக்குப் போலீஸில் சிநேகிதர்கள் உண்டு. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லைதான்.

அம்மா சொல்வது உண்மைதானா என்பதும் தெரியவில்லை. மாத்திரை சாப்பிட்டவர், பார்வை இல்லாதவர். பத்மநாபனிடமே கேட்டுவிடுவது நல்லது என்று தோன்றியது. மூன்றாவது மாடிக்குப் போனேன். அவர் பூஜை முடித்து விபூதி மணக்க உட்கார்ந்திருந்தார்.

"சார், சுகந்தி நிஜமாவே மஸ்கட்லதான் இருக்காங்களா?"

அவர் என்னை உட்காரச் சொன்னார். மனைவியிடம் காபி கேட்டார். காபி வந்து, நான் முதல் வாய் குடிக்கும்வரை காத்திருந்தார்.

"இங்க சௌகரியமா இருக்கீங்கதானேம்மா?"

"இருக்கேன் சார்."

"உங்க ஏஜென்சிக்கு நேத்து ஒருத்தர் போன் பண்ணாராம். ஜெசிந்தான்னு யாராவது வேலை பாக்கிறாங்களான்னு. மேனேஜர் எனக்கு வேண்டியவர், சொன்னார். அப்படி யாரும் இல்லைன்னு சொல்லச் சொன்னேன்." சிரித்தார். "இங்க நீங்க சுகந்தி. சுகந்தியா இருக்கிற வரைக்கும் யாரும் உங்களை ஒண்ணும் பண்ண முடியாது. நான் இருக்கேன்."

நன்றி சொன்னேன். காபியை முழுவதும் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தேன். படியேறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் எனக்கு உதவுகிறாரா? மிரட்டுகிறாரா? இரண்டும் ஒரே குரலில் எப்படி வரும்? ரெஜிஸும் அடித்து முடித்ததும் இப்படித்தான் மெதுவாகப் பேசுவான்.

டிசம்பர் 7

மாதாவிடம் ஜெபித்தேன். பதில் வரவில்லை. அம்மாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். அவர் ஸ்டேஷன் பேச்சையே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நன்றாயிருக்கும். "உப்புக் கொஞ்சம் கம்மி" என்று மட்டும் சொன்னார்.

தட்டைக் கழுவும்போது நானாகவே, "நாளைக்குப் போவோம்மா" என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 8

பகல் வெளிச்சத்தில், எல்லாரும் எழுந்து நடமாடும் நேரத்தில்தான் போக வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தார். "திருட்டுத்தனமா போனா அவங்க சொல்றது நெசமாயிரும்." வெளுத்த காட்டன் புடவை கட்டிக்கொண்டார். நான் பொட்டு வைக்கவில்லை.

பீரோ சாத்திய லிஃப்ட் வாசலைக் கடக்கும்போது அம்மா நின்றார். கையை நீட்டினார். பீரோவில் கை பட்டதும் எடுத்துக்கொண்டார்.

ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்துத்தான் இறங்க முடிந்தது. அவருடைய பாரம் முழுவதும் என் வலிக்கிற தோளில். மூன்றாவது மாடிக்கு வந்ததும் கதவு திறந்தது.

"சுகந்தி, அம்மாவை எங்க கூட்டிட்டுப் போற?" என்றார் பத்மநாபன். முதல் தடவையாக ஒருமையில் பேசினார்.

"கோயிலுக்கு" என்றேன்.

"மழை வரும்போல இருக்கே. இன்னொரு நாள் போகலாம். டாக்டர், கொஞ்சம் மேல வாங்க" என்று கீழே பார்த்துக் குரல் கொடுத்தார்.

நிற்கவில்லை. அவர் எங்கள் பின்னாலேயே இறங்கி வந்தார். இரண்டாவது மாடி வாசலில் டாக்டர் தணிகாசலம் பையோடு நின்றார். வழியை அடைத்துக்கொண்டு நின்றார் என்று சொல்ல முடியாது. ஆனால் படிக்கட்டு குறுகல்.

"அம்மாவுக்குப் படபடப்பு வந்திருக்கு. முகம் பாரு, எப்படி வேர்க்குது. உள்ள வந்து உக்காரட்டும், ஒரு ஊசி போட்டுடறேன். தூங்கி எழுந்தா சரியாயிடும்."

"என்ன மருந்து?" என்றார் அம்மா.

"சாதாரண மருந்துதாம்மா."

"நாங்க வார்டுல மருந்து பேரைச் சொல்லாம ஊசி போட்டதில்லை டாக்டர். பேரைச் சொல்லுங்க. எவ்வளவுன்னும் சொல்லுங்க."

டாக்டர் பத்மநாபனைப் பார்த்தார். பத்மநாபன் என் முதுகுக்குப் பின்னால் மிக மெதுவாக, "ஜெசிந்தா, யோசிச்சுக்கோ. ஒரு போன் போதும்" என்றார்.

என் பெயரை அவர் வாயிலிருந்து கேட்டதும் எனக்குள் என்னவோ ஆயிற்று. பயம்தான். ஆனால் அதுவரை இருந்த குழப்பம் நின்றுவிட்டது.

"ஆமா, நான் ஜெசிந்தா" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. மறுபடியும் சத்தமாகச் சொன்னேன். "என் பேரு ஜெசிந்தா. தூத்துக்குடி. நான் சுகந்தி இல்ல. சுகந்தி இந்த லிஃப்ட் குழில விழுந்து செத்துப்போயிட்டாங்க. இவங்க மறைச்சுட்டாங்க. நாங்க போலீஸுக்குப் போறோம்."

படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. மேலே ஒரு கதவு, கீழே ஒரு கதவு என்று திறந்தன. முதல் மாடிக்காரர், "லிஃப்ட்லயா? ஹார்ட் அட்டாக்னுதானே சொன்னீங்க?" என்று டாக்டரைப் பார்த்துக் கேட்டார்.

அப்போது டாக்டரின் வீட்டுக்குள்ளிருந்து லோசனி வந்தார். மாவு ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே செருப்பை மாட்டினார்.

"லோசனி, உள்ள போ" என்றார் டாக்டர்.

அவர் டாக்டரைத் தாண்டி வந்து அம்மாவின் மறு கையைப் பிடித்துக்கொண்டார். "நானும் வரேம்மா" என்றார். "நான்தான் முதல்ல பார்த்தவ."

டாக்டர் விலகினார். வழிவிட வேண்டுமென்று விலகினாரா, கால் தள்ளாடி விலகினாரா, தெரியாது. மூன்று பேரும் ஒரே படியில் இறங்க இடம் போதவில்லை. சுவரில் உரசிக்கொண்டே இறங்கினோம். வாட்ச்மேன் மேலே பத்மநாபனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கேட்டைத் திறந்தார்.

ஆட்டோவில் லோசனி எல்லாவற்றையும் சொன்னார். லிஃப்ட் கீழே நின்றாலும் நாலாவது மாடிக் கதவு திறந்துகொள்கிறது என்று சுகந்தியே அதற்கு முன்பு புகார் செய்திருந்தாள். இடிக்கப்போகிற கட்டடத்துக்குச் செலவு எதற்கு என்று பத்மநாபன் தட்டிக்கழித்துவிட்டார். அவள் விழுந்ததும், கேஸ் ஆனால் பில்டர் கைவிட்டுவிடுவான், புதுக் கட்டடத்தில் டாக்டருக்குத் தருவதாகச் சொன்ன நர்ஸிங் ஹோமும் போய்விடும் என்று பேசி முடித்துவிட்டார்கள். டாக்டர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். அன்றைக்கே எரித்துவிட்டார்கள். மற்ற வீட்டுக்காரர்களுக்கு அவள் இறந்தது தெரியும், எப்படி என்று தெரியாது. அம்மா தாங்க மாட்டார், சொல்ல வேண்டாம் என்று பத்மநாபன் கேட்டுக்கொண்டார். அவர்களும் சரியென்று தலையாட்டினார்கள்.

அம்மா முகத்தை ஆட்டோவுக்கு வெளியே திருப்பிக்கொண்டு கேட்டார். "உடனே போயிருச்சா உசுரு?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாம்மா" என்றார் லோசனி. அது உண்மையா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

டிசம்பர் 9

நேற்று எழுத விட்டுப்போனது. இன்ஸ்பெக்டர் ஒரு பெண். கணவர் பெயர் கேட்டார். சொன்னேன். அவனுக்கு என் விலாசம் தெரியக் கூடாது என்றேன். ஏன் என்றார். ரவிக்கையைக் கொஞ்சம் இறக்கித் தோளைக் காட்டினேன். கொதிக்கும் எண்ணெய் பட்ட தழும்பு, அதற்கும் கீழே எலும்பு கூடிய மேடு. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இதுக்குத் தனியா ஒரு புகார் எழுதிக் குடுங்க" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். ஹாஸ்டலில் மூட்டைப்பூச்சி இருந்ததும் உண்மைதான்.

டிசம்பர் 14

பத்மநாபன் பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டாராம். போலீஸ் தேடிப் போயிருக்கிறது. டாக்டரை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள், இன்னும் விடவில்லை. கேஸ் எப்படிப் போகும் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. எரித்த உடம்பில் எதை நிரூபிப்பது என்று ஒரு ஏட்டு எங்கள் காதுபடவே சொன்னார். நேற்று சங்கிலியை அறுத்துச் சோதித்தார்கள். லிஃப்ட் பெட்டி கீழே நிற்க, நாலாவது மாடிக் கதவு ஒரு விரலால் இழுத்ததும் வந்துவிட்டது. அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

இன்று காலை, "பாய் விரி" என்றார். "துக்கம் கேக்க வருவாங்க."

இவர்களா வருவார்கள் என்று நினைத்தேன். ஆனாலும் பாய் விரித்தேன். சுகந்தியின் படம் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்தேன். இத்தனை நாள் அவளாக இருந்தும் அவள் முகத்தை இன்றுதான் பார்க்கிறேன். அகலமான நெற்றி, முன்பல் கொஞ்சம் எடுப்பு. என் சாயல் துளியும் இல்லை.

பத்து மணிக்கு மேல் முதல் மாடிக்காரர் மனைவியோடு வந்தார். பிறகு ஐந்தாவது மாடித் தம்பதி. பத்மநாபனின் மனைவி கூட வந்து கதவோரம் நின்றார். துக்க வீட்டு வழக்கப்படி ஒவ்வொருவராகக் குனிந்து கையை நீட்டினார்கள். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "யாரு?" என்றார். பெயரைச் சொன்ன பிறகும் விடவில்லை.

"எம் மகளை என்ன உடுத்தி அனுப்புனீங்க?"

முதல் மாடிக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி, "துணி போத்தியிருந்தாங்கம்மா, சரியாப் பார்க்கலை" என்றார். மற்றவர்களும் அப்படித்தான். எல்லாரிடமும் அதே கேள்வி. யாருக்கும் பதில் தெரியவில்லை. ஒவ்வொருவராகப் பாயில் உட்கார்ந்தார்கள்.

கடைசியில் லோசனி வந்தார். கட்டினவரைப் போலீஸில் காட்டிக்கொடுத்தவள் என்று சொந்தக்காரர்கள் போனில் ஏசினார்களாம். முகம் வீங்கியிருந்தது. அம்மாவின் கையைப் பிடித்ததும் அவர் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

"என் கூறைப்புடவைம்மா. நான்தான் குளிப்பாட்டிக் கட்டிவிட்டேன்."

"என்ன நெறம்?"

"அரக்கு. தங்கக்கரை போட்டது."

"தலை?"

"வாரிப் பின்னிவிட்டேன். பூவுக்கு ஆளனுப்ப வேணாம்னுட்டாங்க. பூ மட்டும் இல்லம்மா."

"அரக்கு அவளுக்கு எடுப்பா இருக்கும்" என்றார். குரல் உடைந்தது. சித்திரையிலிருந்து அழாதவர் லோசனியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வந்திருந்தவர்கள் யாரும் எழுந்து போகவில்லை.